காலனி நீக்கம்

காலனி,
ஜனவரி, மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு அடுத்த ஞாயிறு

அன்பு மகள் பிரெண்டாவுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நான், உன் தம்பி எஃப்ராயின், அவன் மனைவி மாரிபெல், அந்த ஒற்றைக் காது நாய் உட்பட எல்லோரும் உடம்பளவில் சுகம். நீயும் அங்கே சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று குவாதலூப்பே மாதாவிடம் கேட்டுக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். நியூயார்க்கில் பனி கொட்டுவதை டிவியில் காட்டினார்கள், கழுத்தை மூடிக்கொண்டு வெளியே போ, சின்ன வயதிலிருந்தே உனக்குத் தொண்டைதான் முதலில் கெடும். உறையின் மேல் சிட்லாலி என்றே எழுதியிருக்கிறேன், உன் கட்டடத்துத் தபால் பெட்டியில் இப்போது அந்தப் பெயர்தான் இருக்கிறது என்றாயே, கடிதம் உன் கைக்கு வந்து சேர வேண்டுமே என்பதற்காக. உள்ளே நீ பிரெண்டாதான். சிட்லாலி என்றால் நம் முன்னோர் பாஷையில் நட்சத்திரம் என்று சொன்னாய், நல்ல பெயர், நான் குறை சொல்லவில்லை. ஆனால் பிரெண்டா என்பது வெள்ளைக்காரன் நம்மேல் திணித்த பெயர் என்று, நம் சாப்பாட்டைப் பற்றிய உன் புத்தகத்தில் எழுதியிருக்கிறாய், அதை யாரும் திணிக்கவில்லை. நீ பிறந்த அன்று நாக்கு வறண்டு கிடந்த எனக்கு, கேட்காமலே ஒரு கிண்ணம் ஐஸ் கொண்டுவந்து கொடுத்த நர்ஸின் பெயர் அது. அவள் வெள்ளைக்காரியும் இல்லை. உன் அப்பாதான் அவள் சட்டையில் குத்தியிருந்த பெயரை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, நம் பெண்ணுக்கு இதையே வைப்போம் என்றார். இதெல்லாம் என்னிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நீ கேட்கவில்லை.

இதை ஃபோனிலேயே பேசிவிடலாமே என்று மாரிபெல் சொன்னாள். ஃபோனில் நான் கத்துவேன், நீ பேச்சை நிறுத்திவிடுவாய், உன் மௌனம் என் கத்தலைவிட மோசம், அது எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. அதனால் எழுதுகிறேன். வீட்டுச் சமாசாரம் என்று பார்த்தால், எஃப்ராயினுக்கு ஆரஞ்சு பெட்டி கட்டுகிற கொட்டகையில் வேலை தொடர்கிறது, முதுகு வலி என்கிறான், பெல்ட் கட்டிக்கொள் என்றால் கிழவன் மாதிரி இருக்கும் என்கிறான். மாரிபெல்லுக்கு வயிறு நன்றாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது, பெண் குழந்தை என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். பாதாம் தோப்புக்காரன் நம் வேலிக்கு அந்தப் பக்கம் இன்னொரு ஆழ்குழாய் இறக்கியிருக்கிறான், அந்த இயந்திரத்தின் சத்தத்தில் நாய் சாப்பிடுவதில்லை. உன் அப்பாவின் கல்லறையில் எல்லா ஆத்துமாக்கள் தினத்துக்கு வைத்த சாமந்தி காய்ந்துபோயிருந்தது, போன வாரம் போய் எடுத்துப் போட்டுவிட்டு வந்தேன். அங்கே கொஞ்ச நேரம் உட்கார்ந்து உன்னைப் பற்றி அவரிடம் சொன்னேன். அவர் இருந்திருந்தால் உன் பக்கம் பேசியிருப்பார், எப்போதும் அப்படித்தான், எனக்கு அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாளைப் பற்றித்தான் எழுத வந்தேன், சுற்றி வளைக்கிறேன். நீ சரியாக நாங்கள் தமாலே கட்ட உட்கார்ந்த நேரத்துக்கு வந்து இறங்கினாய். உன் அப்பாவின் தங்கை சாயோ சோளக்கதிர் மடல்களை வெந்நீரில் ஊறப்போட்டுக்கொண்டிருந்தாள், மாரிபெல் காய்ந்த மிளகாயை அரைத்துக்கொண்டிருந்தாள், நான் மக்காச்சோள மாவில் பன்றிக் கொழுப்பைப் போட்டுக் கை வலிக்க அடித்துக்கொண்டிருந்தேன். நீ பெட்டியைக்கூடத் திறக்காமல் கை கழுவிக்கொண்டு வந்து, உனக்கென்று தனிச் சட்டியில் எண்ணெய் விட்டு மாவு பிசைந்தாய். நான் வாயைத் திறக்கவில்லை, அதை நீ ஒத்துக்கொள்ள வேண்டும். பன்றி ஸ்பானியர்களோடு கப்பலில் வந்தது, அதற்கு முன்னால் நம் ஆட்கள் கொழுப்பே இல்லாமல்தான் தமாலே செய்தார்கள் என்று நீ சொன்னாய். சாயோ தலையை நிமிர்த்தாமலே, "அதான் சீக்கிரமா தோத்துட்டாங்க போல" என்றாள். நீயும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். பிறகு உன் பையிலிருந்து பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து விற்கிற பருப்புக்கீரையை எடுத்தாய், பரங்கிக்காயோடு சேர்த்து உள்ளே வைக்க. நம் முன்னோர் உணவு, அங்கே அதற்குக் கிராக்கி என்றாய். உன் அப்பாவுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து தக்காளித் தோட்டத்தில் கூலி கொடுத்ததே அதைக் களை என்று பிடுங்கி எறியத்தான். எறிந்ததில் பாதியைத் தொப்பியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவார், மருந்து அடிப்பதற்கு முன்னால் பறித்தது என்று என்னிடம் சத்தியம் செய்வார். அன்றைக்கு உன் கீரையில் ஒரு கிள்ளு எடுத்து நான் பச்சையாகவே வாயில் போட்டுப் பார்த்தேன், நீ பார்க்கவில்லை. நன்றாக இருந்தது.

எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து மடலில் மாவு தடவிக்கொண்டிருந்தபோது நீ உன் புத்தகத்தின் தாள்களை எடுத்தாய், அச்சுக்குப் போகும் முன் பிழை பார்க்கக் கொடுத்திருக்கிறார்கள் என்று. அட்டைப்படத்தையும் காட்டினாய், மக்காச்சோளக் கதிரை ஏந்திய கை, அழகாக இருந்தது. அட்டையின் அடியில் இருந்த ஆங்கிலத்தை நம் பாஷையில் படித்துக் காட்டினாய், நம் தட்டிலிருந்து காலனி நீக்கம் என்று. சாயோவின் கை அப்படியே நின்றுவிட்டது. "என்னது, காலனிய எடுக்கறாங்களா? எப்ப? நமக்கு ஒரு நோட்டீஸ்கூட வரலையே" என்றாள். நாம் குடியிருக்கிற இந்தக் காலனியைத்தான் சொல்கிறாய் என்று நினைத்துவிட்டாள். எஃப்ராயின் நாற்காலியிலிருந்து விழாத குறையாகச் சிரித்தான், உனக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் சிரிக்கவில்லை. நல்ல தண்ணீருக்குக் குழாய் கேட்டு நாம் அரசாங்க ஆபீஸுக்குக் கூட்டமாகப் போயிருந்தபோது, மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஒருவன், உங்கள் வீடுகளுக்குக் குழாய் போடுவதைவிட உங்களை வேறு இடத்துக்கு மாற்றுவது சுலபம் என்று சொன்னதை அவள் இன்னும் மறக்கவில்லை, அதனால் அப்படிக் கேட்டாள். நீ பொறுமையாக விளக்கினாய், "இந்தக் காலனி இல்ல அத்தை, இது வேற. நம்மள அடக்கி ஆண்டாங்கல்ல, அந்த ஆட்சி இன்னும் நம்ம மனசுல, நாக்குல, தட்டுல இருக்கு, அத எடுக்கறது." சாயோ அடுத்த மடலை எடுத்துக்கொண்டே, "அப்ப குழாய்ல இருக்கறத யாரு எடுக்கறது?" என்றாள். நீ மறுபடியும் சிரித்தாய், ரொம்ப நல்லா இருக்கு அத்தை, இதையும் புத்தகத்துல சேர்க்கப் போறேன் என்று ஃபோனில் குறித்துக்கொண்டாய். அவள் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. நீ அதைக் கவனித்திருக்க வேண்டும்.

அப்புறம் உன் அப்பாவைப் பற்றிய அத்தியாயத்தைப் படி படி என்று எல்லோரும் கேட்டோம், நானும்தான் கேட்டேன். அவர் தொப்பி நிறையக் கீரையோடு வாசலில் வந்து நிற்பது, பூட்ஸைக் கழற்றாமல் அடுப்பங்கரைக்குள் வந்து என்னிடம் திட்டு வாங்குவது, அதையெல்லாம் அப்படியே எழுதியிருந்தாய். என் கையெல்லாம் மாவு, தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். என் வயிற்றில் பிறந்த பெண்ணா இதை எழுதினாள் என்று இருந்தது. உடனே அடுத்த பக்கத்தில் அந்த வரி வந்தது. எனக்கு மனப்பாடமாகிவிட்டது, இங்கே எழுதுகிறேன், தப்பிருந்தால் திருத்திக்கொள். என் அப்பாவைக் கொன்றது எங்கள் வீட்டு அடுப்பு, வென்றவர்கள் கொண்டுவந்த கோதுமையும் கொழுப்பும் சர்க்கரையும் அவரை உள்ளிருந்து தின்றன, என் அம்மா அறியாமல் பரிமாறிக்கொண்டே இருந்தாள். இதைப் படித்துவிட்டு நீ எங்கள் முகத்தைப் பார்த்தாய், நாங்கள் அழுவோம் என்று எதிர்பார்த்த மாதிரி இருந்தது. மாரிபெல் எழுந்து போய்க் கை கழுவ ஆரம்பித்தாள், கழுவிக்கொண்டே இருந்தாள்.

நடந்ததை நீ வேறு மாதிரி ஞாபகம் வைத்துக்கொள்வாய், அதனால் நான் எழுதிவைக்கிறேன். அறியாமல்னு போட்டிருக்கியே, அது யாரு என்று நான் கேட்டேன். நீ, "அம்மா, உன்னக் குத்தம் சொல்லல. உனக்குத் தெரியாது, உனக்கு யாரும் சொல்லித் தரலன்னுதான் சொல்றேன். அந்த வார்த்தைய போட்டதே உன்னக் காப்பாத்தத்தான்" என்றாய். உன்னக் காப்பாத்தச் சொல்லி யாரு கேட்டா என்றேன். எஃப்ராயின், விடுக்கா, பண்டிகை நாளும் அதுவுமா என்றான். நீ விடவில்லை. "அப்பா போனதுக்கு எனக்கு ஏதாவது ஒரு காரணம் வேணும்ல? சும்மா செத்துட்டாருன்னு என்னால இருக்க முடியல" என்றாய். அந்த இடத்தில் உன் குரல் உடைந்ததை நான் கேட்டேன், கேட்டும் நிறுத்தவில்லை. உங்கப்பாவ வித்துத் திங்கறடி நீ என்றேன். நீ தாள்களை அடுக்கி, ஓரம் தட்டி, பையில் வைத்துக்கொண்டு உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாய். நான் சொன்ன அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்வேன் என்று நினைக்காதே. நீ உன்னுடையதை எடுத்தால் பிறகு பார்க்கலாம்.

கோதுமையைப் பற்றி முதலில் சொல்கிறேன். எல்லைக்கு அந்தப் பக்கம் நான் பிறந்த சோனோராவில் மக்காச்சோளத்தைவிடக் கோதுமை ரொட்டிதான் எங்களுக்கு வாய்த்தது, அதை ஸ்பானியன் கொண்டுவந்தான் என்று எனக்கும் தெரியும், பள்ளிக்கூடத்தில் அந்தப் பாடம் வரைக்கும் நானும் படித்திருக்கிறேன். ஆனால் வெள்ளை ரொட்டி, பிளாஸ்டிக் பையில் துண்டு போட்டு வருகிறதே, அது நம் வீட்டுக்குள் எப்படி வந்தது என்று உன் புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறாய், விளம்பரம், அரசாங்கம், படையெடுப்பு என்றெல்லாம். எல்லாம் இருக்கலாம். நம் வீட்டுக்கு அதை அழைத்து வந்தவள் நீ. முதல் வகுப்பில் உன் டப்பாவைத் திறந்ததும் பீன்ஸ் வாசனைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டார்கள் என்று அழுதுகொண்டு வந்தாய். இனிமேல் சோள ரொட்டி வேண்டாம், மற்றவர்கள் கொண்டுவருகிற மாதிரி வெள்ளையாக வேண்டும் என்றாய். நான் மறுநாளும் பீன்ஸே வைத்தேன், நீ அதைத் திறக்காமல் குப்பையில் போட்டுவிட்டுப் பட்டினியாக வந்தாய். பிறகு வாங்கினேன். ஆறு வயதுப் பிள்ளை, உன்மேல் எனக்கு வருத்தம் கிடையாது, மூக்கைப் பொத்தினவர்கள்மேல்தான். ஆனால் அந்த டப்பா உன் புத்தகத்தில் எங்கே போயிற்று? அறியாதவளாக அங்கே நான் ஒருத்தி மட்டும்தானே நிற்கிறேன்.

இப்போது சர்க்கரை. உன் அப்பா கலர் சோடா குடித்தார், நாளெல்லாம் குடித்தார், அதுதான் அவர் சிறுநீரகத்தைக் கொண்டுபோனது என்று டயாலிசிஸ் டாக்டர் சொன்னதை நானும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். ஏன் குடித்தார் என்று அந்த டாக்டர் கேட்கவில்லை, நீயும் கேட்கவில்லை. அவருக்காவது தெரியாது, உனக்குத் தெரியும் பிரெண்டா. எஃப்ராயின் கைக்குழந்தையாக இருந்தபோது அவன் உதடு நீலம் பூத்ததே, நீதான் முதலில் பார்த்தாய், அம்மா தம்பி பேனா மை குடிச்சிட்டான் என்று ஓடிவந்தாய். கிளினிக்கில், பால் பவுடரை எந்தத் தண்ணீரில் கரைத்தாய் என்றுதான் முதல் கேள்வி கேட்டார்கள். குழாய்த் தண்ணீர் என்றேன். வயலுக்குப் போடுகிற உரம் மண்ணுக்குள் இறங்கி நம் கிணற்றில் கலந்திருக்கிறது, குழந்தைக்குக் கொடுக்காதே, காய்ச்சினால் இன்னும் கெடுதல் என்றார்கள். காய்ச்சினால் கெடுதல் ஆகிற தண்ணீரை நான் அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை. அன்றிலிருந்து டவுனில் மெஷினில் காசு போட்டு ஜாடியில் பிடித்துவருகிற தண்ணீர்தான். ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் நீ, நடுவில் ஜாடி, காரிலிருந்து வாசல் வரைக்கும் உன் கை சிவந்துபோகும். அது எஃப்ராயின் பாலுக்கு, உனக்குக் குடிக்க, பீன்ஸ் வேகவைக்க, அதற்குள் தீர்ந்துவிடும். வயலில் மேஸ்திரி வைக்கிற பீப்பாயிலும் அதே கிணற்றுத் தண்ணீர்தான். மூலைக் கடையில் சோடாவும் தண்ணீரும் ஒரே விலை. நான் திட்டுவேன், தண்ணீரைக் குடியுங்கள் என்று ஜாடியை எடுத்து அவர் முன்னால் வைப்பேன். "எனக்கு இந்தக் கலரே போதும், அந்தத் தண்ணிய புள்ளைங்களுக்கு வை" என்பார். சர்க்கரை வந்தபிறகு சோடாவையும் விட்டுவிட்டுக் குழாயைத் திறந்து குடிக்க ஆரம்பித்தார். நான் கத்தினால், "எனக்கு என்ன, இந்த வயசுக்கு மேல நீலமா பூக்கப்போகுது" என்று சிரிப்பார். அவர் குடிக்காத தண்ணீரைக் குடித்துத்தான் நீ வளர்ந்தாய்.

ஆகவே அறியாமல் என்று எழுதாதே. அந்த அடுப்பின் முன்னால் நாங்கள் இரண்டு பேரும் எல்லாம் அறிந்துதான் நின்றோம், எதை யாருக்குக் கொடுப்பது, யாருக்கு இல்லாமல் போனால் பரவாயில்லை என்று தினமும் பார்த்துப் பார்த்துத்தான் பரிமாறினோம். அவருக்கு அறிவு இல்லாமல் இல்லை, எனக்கும் இல்லாமல் இல்லை, தண்ணீர்தான் இல்லை. நானூறு ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் கப்பலில் வந்தவனைப் பற்றி அத்தனை பக்கம் எழுதுகிற உனக்கு, வேலிக்கு அந்தப் பக்கம் போன மாதம் குழாய் இறக்கினவனைப் பற்றி ஒரு வரி எழுதக் கை வரவில்லையா என்று எனக்கு ஆத்திரமாக வருகிறது. கப்பல்காரனைத் திட்டினால் அங்கே கை தட்டுவார்கள், யாருக்கும் ஒன்றும் குறையாது. செத்த ஸ்பானியன் உன்மேல் வழக்குப் போடப்போவதில்லை. இதை எழுதும்போது பேனா தாளைக் கிழித்துவிட்டது, மன்னித்துக்கொள், தாளை மாற்றவில்லை.

நீ கதவைச் சாத்திக்கொண்ட பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. கட்டினதையெல்லாம் இரண்டு பானையில் ஏற்றினோம், என் கொழுப்பு மாவு பெரிய பானையில், உன் எண்ணெய் மாவு சின்னதில். அடியில் காசு போட்டிருந்தேன், தண்ணீர் வற்றவில்லை என்று காட்ட அது கடகடவென்று ஆடிக்கொண்டே இருந்தது. வழக்கமாக வேகிற நேரம் போய், அதற்கு மேல் அத்தனை நேரமும் போய், திறந்து ஒன்றைப் பிரித்தால் மாவு மடலோடு ஒட்டிக்கொண்டு பசையாக வருகிறது. சாயோ கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "பானைக்குக் கோவம் வந்துருச்சு அண்ணி. சண்ட போட்ட வீட்ல இது எப்படி வேகும்" என்றாள். மடலைக் கிழித்து இரண்டு பானையின் பிடியிலும் காது மாதிரி கட்டினாள், கெட்ட பேச்சு எதுவும் அதன் காதில் விழக் கூடாது என்று. பானையின் கோபம் தணிய அவளும் மாரிபெல்லும் அடுப்பு முன்னால் பாவாடையைப் பிடித்துக்கொண்டு ஆடினார்கள், எஃப்ராயின்கூட முதுகு வலியோடு ஒரு சுற்று ஆடினான். ஒன்றும் ஆகவில்லை. "நாங்க ஆடி என்ன பிரயோஜனம், சண்ட போட்டவங்கதான் ஆடணும். போய் அவளக் கூட்டிட்டு வாங்க அண்ணி, ரெண்டு பேரும் ரெண்டு குதி குதிச்சீங்கன்னா வெந்துடும்" என்றாள் சாயோ. நான் போகவில்லை. அந்தக் கதவு என்ன தேக்குக் கதவா, அட்டை, அவள் சொன்னது உனக்கும் கேட்டிருக்கும். நீயும் வரவில்லை. கொழுப்பு போட்டதும் வேகவில்லை, எண்ணெய் விட்டதும் வேகவில்லை, பானைக்கு அந்தப் பாகுபாடெல்லாம் கிடையாது. காலையில் பார்த்தால் உன் படுக்கை மடித்து வைத்திருந்தது, நீ டிக்கெட்டை மாற்றிக்கொண்டு போய்விட்டாய் என்று எஃப்ராயின் சொன்னான், உன்னை விமானத்துக்குக் கொண்டுவிட்டு வந்தவனே அவன்தான். வருகிற வழியில் பெட்ரோல் பங்கில் பொரித்த கோழி வாங்கிவந்தான். கிறிஸ்துமஸுக்கு அதைத்தான் சாப்பிட்டோம்.

இதோடு முடித்திருப்பேன், இந்தக் கடிதமே எழுதியிருக்க மாட்டேன். ராஜாக்கள் திருநாளுக்கு சாயோ வழக்கம்போல அந்த வளைய ரொட்டியை வாங்கிவந்தாள். ஆளுக்கொரு துண்டு வெட்டும்போது, பிரெண்டாவுக்கு ஒண்ணு எடுத்து வைங்க அண்ணி என்றாள். அவள்தான் ஓடிட்டாளே என்றேன். "ஓடினா என்ன, இந்த வீடு வேணாம்னு எழுதியா கொடுத்துட்டா" என்றாள். வெட்டி ஓரமாக வைத்தேன். எல்லோரும் அவரவர் துண்டைத் தின்று முடித்தோம், ரொட்டிக்குள் வைத்துச் சுடுகிற குழந்தை இயேசு பொம்மை யாருக்கும் வரவில்லை. பேக்கரிக்காரன் ஏமாற்றிவிட்டான், இல்லை எஃப்ராயின் வாயில் அடக்கிக்கொண்டிருக்கிறான் என்று பெரிய ரகளை, சாயோ அவன் வாயைத் திறக்கச் சொல்லி விரலை விட்டுப் பார்த்தாள். மறுநாள் காலையில் மாரிபெல் காப்பியில் தொட்டுத் தின்ன உன் துண்டைப் பிய்த்தாள், அதில் இருந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். பொம்மை யார் துண்டில் வருகிறதோ அவர்கள் பிப்ரவரியில் வருகிற மெழுகுவர்த்தித் திருநாள் அன்று எல்லோருக்கும் தமாலே செய்து போட வேண்டும் என்பதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அது கோதுமை ரொட்டி, ஸ்பானியன் கொண்டுவந்த சடங்கு, என்னைக் கட்டாது என்று நீ சொல்லலாம். சொல்லிக்கொள். ஆனால் அந்தக் கோதுமைக்குள்ளிருந்து உன்னிடம் கேட்பது மக்காச்சோளம்தான்.

பொம்மையைப் பஞ்சில் சுற்றி இந்த உறைக்குள்ளேயே வைத்திருக்கிறேன், கட்டைவிரல் அளவுதான், தவறவிட்டுவிடாதே. நான் கேட்பது ஒரே ஒரு வார்த்தை. அடுப்பு கொன்றது என்று வேண்டுமானால் இருக்கட்டும், கோதுமை, கொழுப்பு எல்லாமும் இருக்கட்டும், அதில் உண்மையும் கொஞ்சம் இருக்கலாம், என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் எழுது. அறியாமல் என்பதை எடுத்துவிடு. எடுத்த இடம் காலியாக இருந்தால் அங்கே எதை எழுத வேண்டும் என்று உனக்கே தெரியும். எடுத்துவிட்டாய் என்றால் மெழுகுவர்த்தித் திருநாளுக்கு வா, எண்ணெயோ கொழுப்போ உன் இஷ்டம், நான் பக்கத்தில் நின்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன், பானை முன்னால் ஆடச் சொன்னால் இந்த முழங்காலோடு ஆடுகிறேன். அந்த வார்த்தை அங்கேயே இருக்கும் என்றால் நீ வர வேண்டாம், பொம்மையைத் தபாலில் திருப்பி அனுப்பிவிடு, உன் முறையைச் சாயோ செய்துவிடுவாள்.

தொண்டைக்கு உப்புத் தண்ணீரில் கொப்பளி. எடை குறைந்து தெரிந்தாய், சரியாகச் சாப்பிடு, உன் முன்னோர் சாப்பாடாகவே இருந்தாலும் வயிறு நிறையச் சாப்பிடு. மாதா தன் முக்காட்டால் உன்னைப் போர்த்திக் காக்கட்டும், உன் அப்பா அங்கிருந்து உனக்குக் கை தூக்கி ஆசி சொல்லட்டும், நானும் இங்கிருந்து உன் நெற்றியில் சிலுவை போடுகிறேன், கோபம் இருந்தாலும் அது பலிக்கும். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். வருவதாக இருந்தால் வெறுங்கையோடு நேராக வீட்டுக்கு வராதே. டவுனில் இறங்கி மெஷினில் ஜாடிகளை நிரப்பிக்கொண்டு வா, எவ்வளவு தூக்க முடியுமோ அவ்வளவு. மாவு பிசையத் தண்ணீர் வேண்டும், மாரிபெல்லின் குழந்தைக்கும் இப்போதிருந்தே சேர்த்துவைக்க வேண்டும்.

இப்படிக்கு,
எல்லாம் அறிந்த உன் அம்மா
எர்மீனியா